தேர்வு என்னும் புனைவு: பல்சக்கரம், பிராண்டு, பழுதுபார்க்கும் கை

1

கியர் சைக்கிள் வாங்கப் போகிறவன் 'எந்த குரூப்செட் நல்லது?' என்று கேட்கும்போது அது வெறும் தொழில்நுட்பக் கேள்வி மாதிரிதான் வந்து நிற்கிறது. பதிலும் அதே தோரணையில் வருகிறது: எடை இத்தனை கிராம், கியர் மாறும் வேகம் இப்படி, பிரேக் பிடிப்பு இப்படி. கேள்வியும் பதிலும் சேர்ந்து ஒரு சொல்லாடலைக் கட்டிவிடுகின்றன. அதற்குள் நுழைந்தவனுக்கு உலகம் மூன்றே பெயர்கள்தான்: ஜப்பானின் ஷிமானோ, இத்தாலியின் காம்பக்னோலோ, அமெரிக்காவின் ஸ்ராம். மூன்றில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளும் சுதந்திரம் உனக்கு இருக்கிறது என்கிறது அது. இந்தச் சுதந்திரம் எத்தகையது, இதற்குள் எது பேசப்படாமல் போகிறது என்பதே இங்குக் கேள்வி.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வளைந்த ஹேண்டில்பார் வைத்த பந்தய சைக்கிளில் பிரேம், சக்கரம், சீட் போக மீதியுள்ள இயங்கும் பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே கம்பெனி ஒரே குடும்பமாகச் செய்து விற்பதுதான் குரூப்செட். கியர் மாற்றும் பிடி, செயினைப் பல்லிலிருந்து பல்லுக்குத் தள்ளும் டிரெயிலியர், கிராங்க், பின்சக்கரத்துப் பல்லடுக்கு, செயின், பிரேக் எல்லாம் இதில் சேரும். மேல்தட்டுக் குரூப்செட் ஒன்றின் விலை லட்சத்தைத் தாண்டும்.

இலக்கியம் பேசும் பக்கத்தில் சைக்கிள் பாகத்துக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ரொலான் பார்த் 1957-இல் வெளியிட்ட 'மித்தாலஜிஸ்' நூலில் டூர் த பிரான்ஸ் பந்தயத்தை ஒரு காவியமாக வாசித்தார். வீரர்களின் பெயர்களையும் மலைகளையும் காவியத்தின் குறிகளாகப் பார்த்தார். பாகங்களுக்கும் அப்படியொரு காவியம் உண்டு, வாசிக்கத்தான் ஆளில்லை. அம்மையார்குப்பத்தில் என்னிடம் இந்தக் கேள்வியைப் போட்டவன் விசைத்தறிக்காரர் வீட்டுப் பையன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. 'அண்ணா, அல்டெக்ரா எடுக்கறதா, ஸ்ராம் ஃபோர்ஸ் எடுக்கறதா, இன்னா சொல்றீங்க?' தறிச் சத்தத்துக்கு நடுவே கேட்கப்பட்ட கேள்வி இது. அந்தச் சத்தத்தை விலக்கிவிட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

2

ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒரு தலபுராணம் இருக்கிறது. திருத்தணிக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குத் தலபுராணம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. காம்பக்னோலோவின் புராணத்தில் வருவது மலை. 1927-இல் பந்தயமொன்றில் குரோச்சே தோனே கணவாயில் பனியில் விரைத்த விரல்களால் சக்கரத்தின் திருகைக் கழற்ற முடியாமல் துல்லியோ காம்பக்னோலோ தவித்தார், அந்தத் தவிப்பிலிருந்தே ஒரு நெம்பு நெம்பினால் சக்கரம் கழன்று வரும் 'குயிக் ரிலீஸ்' பிறந்தது என்பது கதை. 1933-இல் விசென்சாவில் கம்பெனி தொடங்கினார். ஷிமானோவின் புராணத்தில் வருவது பட்டறை. 1921-இல் சகாய் நகரத்தில் ஒரே ஒரு லேத், முதல் சரக்கு ப்ரீவீல். சகாய், கத்தியும் துப்பாக்கியும் அடித்த கொல்லர்களின் ஊர். ஸ்ராமின் புராணத்தில் வருவது கலகம். 1987-இல் சிகாகோவில் நண்பர்கள் சிலர், தங்கள் பெயர் எழுத்துகளைக் கோத்து ஒரு பெயர், முறுக்கினால் கியர் மாறும் ஒரு கைப்பிடி, எதிரே ஒரு ராட்சசக் கம்பெனி.

இந்தப் பாகங்களைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகளைத் தொடர்ந்து படித்தால் ஒன்று புலப்படும். காம்பக்னோலோவுக்கு 'ஆன்மா' இருக்கிறது. ஷிமானோவுக்குத் 'துல்லியம்' இருக்கிறது. ஸ்ராமுக்குத் 'துணிச்சல்' இருக்கிறது. அலுமினியத்தையும் கரியிழையையும் பற்றி எழுதுகிறவர்கள் இத்தாலியன், ஜப்பானியன், அமெரிக்கன் என்ற மூன்று வார்ப்புகளைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானியன் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அவனுக்குத் துல்லியம்தான் கிடைக்கும், ஆன்மா கிடைக்காது. ஆன்மா ஐரோப்பாவின் சொத்து. கீழைத்தேயத்தைப் பற்றிய பழைய கதையாடல் பல்சக்கரத்தின் இடுக்கில்கூட இப்படி உட்கார்ந்திருக்கிறது.

இதில் நமக்கு நேரடியாக உறைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 'கைவினைஞர்' என்ற சொல் விசென்சாவைச் சேர்ந்தால் விலையை ஏற்றுகிறது. அம்மையார்குப்பத்தைச் சேர்ந்தால் அதே சொல் 'நலிந்த தொழில்' என்று மொழிபெயர்க்கப்படுகிறது. இத்தாலியக் கை தொட்டதற்காகக் கூடுதலாகப் பணம் கட்டுகிறவர், இங்கே தறிக்காரரிடம் புடவைக்கு நூறு ரூபாய் குறைத்துக் கேட்பார். அதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றாது. ரசனை என்பது பொருள்களைத் தரம் பிரிப்பது போலவே ரசிக்கிறவரையும் தரம் பிரிக்கிறது என்று பியர் பூர்தியூ 1979-இல் காட்டியதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். நெய்தவன் பெயர் இல்லாமல் துணி வேறு கடையின் பெயரில் விற்பது நம் ஊருக்குப் புதிதில்லை. பிராண்டு என்பது செய்தவனின் கையெழுத்து அல்ல, செய்தவனை மறைக்கும் முத்திரை. ஷிமானோ 1973-லேயே சிங்கப்பூரில் ஆலை போட்டது, பிறகு மலேசியாவுக்கும் சீனத்துக்கும் போனது. அதற்குப் பாகம் செய்து கொடுக்கும் மலேசிய ஆலை ஒன்றில் நேபாளத் தொழிலாளர்கள் சம்பளம் மறுக்கப்பட்டு வதைபட்டார்கள் என்ற குற்றச்சாட்டு 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் பத்திரிகையில் வெளிவந்தது. 'ஜப்பானியத் துல்லியம்' என்ற சொற்றொடரில் அந்த நேபாளிக்கு இடமில்லை.

3

இனி, தேர்வுக்கு வருவோம். 1984-க்கு முன்னால் கியர் மாற்றுவது பெருவிரலின் வேலை. பிரேமில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதை இழுத்தால் கம்பி டிரெயிலியரை நகர்த்தும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது ஓட்டுகிறவனின் விரலுக்கும் காதுக்கும் தெரியும். செயின் 'கரகர'ன்னா கொஞ்சம் விடணும், அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டில் ஒரு கம்பெனியின் நெம்பு இன்னொரு கம்பெனியின் டிரெயிலியரோடு வேலை செய்தது. இரண்டையும் பொருத்தி வைத்தது மனிதக் கை.

1984-இல் ஷிமானோ தன் டூரா-ஏஸ் வரிசையில் 'கிளிக்' முறையைக் கொண்டுவந்தது. ஒரு கிளிக்குக்கு ஒரு பல். இது வேலை செய்ய வேண்டுமானால் நெம்பு இழுக்கும் அளவு, டிரெயிலியர் நகரும் அளவு, பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி மூன்றும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு கம்பெனியின் கணக்கு. விரலிலிருந்த அறிவு கழற்றப்பட்டுப் பாகத்துக்குள் பூட்டப்பட்டது. உழைப்பாளியின் திறன் இயந்திரத்துக்குள் இடம்பெயர்வது பற்றி ஹாரி பிரேவர்மேன் 1974-இல் எழுதினார். இங்கே ஓட்டுகிறவனுக்கு நடந்ததும் அதுதான். கைத்தறியிலிருந்து விசைத்தறிக்கு வந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இதில் காப்புரிமையின் பங்கையும் சொல்லியாக வேண்டும். டிரெயிலியரின் உடலைச் சாய்த்து வைத்தால் கியர் சுத்தமாக மாறும் என்பதைக் கண்டுபிடித்தது சன்டூர் என்ற இன்னொரு ஜப்பானியக் கம்பெனி, 1964-இல். அதன் காப்புரிமை 1984-இல் காலாவதியானது. அதே ஆண்டு ஷிமானோ அந்தச் சாய்வையும் தன் கிளிக்கையும் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் எல்லோருமே அந்த வடிவத்துக்கு வந்துவிட்டார்கள், கண்டுபிடித்த சன்டூர் மட்டும் சந்தையிலிருந்து போய்விட்டது.

பிறகு நடந்தது முக்கியம். சைக்கிள் செய்யும் கம்பெனிகள் எல்லாப் பாகத்தையும் தன்னிடமே வாங்கினால் தள்ளுபடி என்று ஷிமானோ விலை வைத்தது. 'அப்படியானால் என் கைப்பிடியை எவன் வாங்குவான்?' என்று 1990-இல் ஸ்ராம் வழக்குப் போட்டது. 1991-இல் சமரசத்தில் முடிந்தது. வாசகர் கவனிக்க வேண்டியது இது: கடையில் நின்று நாம் செய்வதாக நினைக்கும் தேர்வு, கடைக்கு வருமுன்பே கம்பெனிக்கும் கம்பெனிக்கும் இடையிலான விலைப்பட்டியலில் முடிந்துவிடுகிறது. முழு சைக்கிளாக வாங்குகிற பெரும்பாலோருக்குக் குரூப்செட் என்பது தேர்ந்தெடுப்பது அல்ல, வாய்ப்பது.

அன்று மூடிய முறைக்கு எதிராக வழக்காடிய ஸ்ராம் பிறகு என்ன செய்தது? 2015-இல் கம்பியில்லாமல் கியர் மாற்றும் இ-டேப் கொண்டுவந்தது. 2019-இல் 12 பல்லடுக்கோடு ஏ.எக்ஸ்.எஸ். வந்தது. நாலு வருஷத்துக்கு முந்தைய தன் சொந்தப் பாகத்தோடேயே அது பேசாது. அதற்கென்று தனிச் செயின், தனி ஹப் உடல். எதிர்த்து நின்றவன் இடம் கிடைத்ததும் அதே கோட்டையைக் கட்டினான். காம்பக்னோலோவின் பல்லடுக்கும் நெடுநாளாகத் தன் ஹப் உடலில் மட்டுமே ஏறும். 2021-இல் வந்த 12 அடுக்கு டூரா-ஏஸும் அல்டெக்ராவும் மின்சாரத்தில் மட்டுமே ஓடும், கம்பி இழுக்கும் வகை அந்த உயரத்தில் நின்றுபோய்விட்டது. ஆக மேலே போகப்போகத் தேர்வு விரிவதில்லை, குறுகுகிறது. மூன்று கதவுகள் இருக்கின்றன. எந்தக் கதவு வழியாகப் போனாலும் உள்ளே போனபின் அது சாத்திக்கொள்கிறது.

4

இதற்கு எதிரான ஒரு மரபு நம் தெருவில் இருக்கிறது. 1949-இல் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு சேர்ந்து முருகப்பா குழுமம் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் ஆகியவற்றைச் செய்தது. வடக்கே அட்லஸ், ஹீரோ. பெயர்தான் வேறு. ஹெர்குலிஸ் கிராங்க் அட்லஸில் ஏறும், அட்லஸின் பெடல் ஹீரோவில் ஏறும். காட்டர் பின், பால்ரஸ், போக்ஸ் கம்பி எதுவும் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அதனால்தான் ஒரு ஸ்பேனரும் ஒரு சுத்தியும் வைத்துக்கொண்டு ஒருவர் மரத்தடியில் கடை போட முடிந்தது. காலனியம் கொண்டுவந்த அளவுகள்தான் அவை, மறுக்கவில்லை. ஆனால் அவை பொதுச்சொத்தாகிவிட்டன.

சொல்லப்போனால் லட்ச ரூபாய்ப் பந்தய சைக்கிளிலும் கிராங்க் அச்சு உட்காரும் கப்பின் மரைக்கு இன்றுவரை 'பி.எஸ்.ஏ. மரை' என்றுதான் பெயர். பர்மிங்காம் துப்பாக்கிக் கம்பெனியின் பெயர் அது. நடுவில் ஒவ்வொரு பிரேம் கம்பெனியும் மரையில்லாமல் அழுத்திச் செருகும் புதுப்புது அளவுகளைக் கொண்டுவந்தன. 'கிறீச் கிறீச்' என்று சத்தம் தாங்காமல் பலர் மறுபடி மரைக்கே திரும்பினார்கள். செயினில் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம் என்பதும் அப்படியே. 1970களில் ஷிமானோ 10 மில்லிமீட்டர் செயின் ஒன்றை முயன்று பார்த்துக் கைவிட்டது. பொது அளவுக்குக் கம்பெனியைவிட ஆயுள் அதிகம்.

அட்லஸ் இதற்குச் சாட்சி. 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்று, அதன் சாகிபாபாத் ஆலை தொழிலாளர்களுக்கு வேலையில்லை என்று அறிவித்தது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள், அது தனிச் சோகம். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அட்லஸ் சைக்கிள் எதுவும் அதனால் நிற்கவில்லை. கம்பெனி செத்தாலும் சைக்கிள் சாகாத ஏற்பாடு அது. இதை இப்போது பின்வருவதோடு வைத்துப் பாருங்கள். ஷிமானோவின் உயர்ரக கிராங்குகளில் 2012 ஜூனுக்கும் 2019 ஜூனுக்கும் இடையில் செய்தவை, ஒட்டிய இடத்தில் பிளந்துகொள்கின்றன என்று 2023 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. வட அமெரிக்காவில் மட்டும் சுமார் 7,60,000 கிராங்குகள். பரிகாரம், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் கொண்டுபோய்க் காட்டுவது. விரிசல் விட்டிருக்கிறதா என்று சொல்லும் அதிகாரம்கூட வெளியே இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இப்படிப்பட்ட சைக்கிள் ஒன்றைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'நல்லாத்தான் பண்ணிக்கிறான் நைனா. ஆனா இத பிரிச்சா சேக்கற வழிய உள்ளயே வெச்சுட்டு மூடிட்டான்' என்றார். இந்தப் பாகங்களைப் பற்றி நான் படித்த மதிப்புரைகள் எதிலும் இவ்வளவு தெளிவாக இந்த விஷயம் சொல்லப்படவில்லை.

5

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய சைக்கிள் பொற்காலம், புதியது சதி என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது நம் சிந்தனையாளர் சிலருக்குப் பிடித்த சுகமான பொய். கிளிக் முறை விரலின் அறிவைப் பிடுங்கியது உண்மை. அதே கிளிக் முறைதான் அந்த அறிவு இல்லாதவரையும் கியர் மாற்ற வைத்தது என்பதும் உண்மை. சின்னக் கை, பலமில்லாத விரல், மூட்டுவலி உள்ளவர்கள் ஹைட்ராலிக் பிரேக்கால்தான் மலை இறக்கத்தில் பயமில்லாமல் இறங்குகிறார்கள். திறன் எல்லாமே விடுதலை அல்ல, சில திறன்கள் மற்றவரை வெளியே நிறுத்தும் வேலிகள். மரத்தடிக் கடையின் கிரீஸ் யார் கையில் ஒட்டியது, யார் கையில் ஒட்டவில்லை என்று கேட்டால் சாதியும் வந்து நிற்கும்.

1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு பாகம். 'லேடீஸ்' சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் 'ஜென்ட்ஸ்' சைக்கிள் வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள், சீட்டிலிருந்து ஹேண்டில்பாருக்குப் போகும் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால். ஆணுக்கென்று குறிக்கப்பட்ட பாகத்தைத் தங்கள் வாழ்க்கைக்கு ஏற்ப மறுவாசிப்புச் செய்தார்கள். பாகத் தேர்வு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். பிராண்டு எதுவும் அவர்களிடம் கருத்துக் கேட்கவில்லை. பொருளின் அர்த்தத்தைத் தீர்மானிக்கும் இடத்தை அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

6

சரி, எதைத்தான் வாங்குவது? 'அரசியல் பேசிட்டு நழுவுறாரு' என்ற பேச்சுக்கு இடம் வேண்டாம்.

அம்மையார்குப்பத்திலிருந்து பார்த்தால் மூன்று பிராண்டுகளின் தரவரிசை மாறிவிடுகிறது. ஸ்ராமின் பந்தய சைக்கிள் பிரேக்குகள் டாட் வகை பிரேக் ஆயிலில் ஓடுபவை. மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் டாட் 4 அதற்குப் போதும், ஆர்.கே. பேட்டையிலோ திருத்தணியிலோ டூவீலர் ஸ்பேர் கடையில் கிடைக்கும். பெயிண்டில் பட்டால் அரிக்கும், ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அவ்வப்போது மாற்ற வேண்டும். ஷிமானோவும் காம்பக்னோலோவும் கேட்பது மினரல் ஆயில். அதைச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்றை மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். ஸ்ராமின் கம்பியில்லாக் கைப்பிடிக்குப் போடும் சி.ஆர். 2032 பேட்டரி வாட்ச் கடையில் கிடைக்கும். ஷிமானோ கேட்கும் சி.ஆர். 1632 அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. காம்பக்னோலோவின் கம்பி இழுக்கும் கைப்பிடியைப் பிரித்து உள்ளே தேய்ந்த ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாம், ஷிமானோவின் கைப்பிடி கெட்டால் முழுசாக மாற்ற வேண்டியதுதான். 'ஆன்மா' என்று சொல்லப்பட்டதில் ஏதாவது பொருள் இருக்குமானால் அது இந்தப் பிரிக்க முடிகிற தன்மையில்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஸ்பிரிங் இங்கே கிடைக்காது. ஆக மதிப்புரைகள் சொல்லும் நிறைகுறைகள் வேறு, இடம் சொல்லும் நிறைகுறைகள் வேறு.

என் முடிவு இது. பி.எஸ்.ஏ. மரை உள்ள பிரேம், கம்பி இழுக்கும் 10 அல்லது 11 பல்லடுக்கு, ஷிமானோவின் 105 அல்லது டியாக்ரா. அங்கே ஷிமானோ, ஸ்ராம் பல்லடுக்குகள் ஒரே ஹப் உடலில் ஏறும். தைவானின் கே.எம்.சி. செயினும் ஓடும். மூடிய கோட்டைகளுக்கு வெளியே மிச்சமிருக்கும் புறம்போக்கு நிலம் அது. அல்டெக்ராவுக்கும் ஃபோர்ஸுக்கும் மேலே கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு சில நூறு கிராமுக்கும் ஒரு பெயருக்கும் போகிறது. பந்தயத்தில் ஓடுகிறவருக்கு அந்தக் கிராம் கணக்கு உண்மை. ஆர்.கே. பேட்டை ரோட்டில் ஓட்டுகிறவருக்கு அது உண்மையல்ல.

தனிமனிதன் சரியாக வாங்கிவிட்டால் விஷயம் தீர்ந்துவிடாது. 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்து ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் வாகனம் என்று துறைகளைப் பட்டியலிட்டது. சைக்கிள் அதில் இல்லை. தமிழகத்தில் 2001-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் 2005-இல் மற்றவருக்கும் விரிந்தது. வருஷா வருஷம் லட்சக்கணக்கான சைக்கிள்களை வாங்கும் அரசுக்கு, எந்த ஊர்க் கடையிலும் கழற்றி மாட்டும் பாகம்தான் வேண்டும் என்று கேட்கும் பலம் இருக்கிறது. அளவுகளைப் பொதுவில் வை, உதிரிபாகத்தைத் தனியாக விற்பனை செய், பிரிக்கிற வழியை எழுதிக் கொடு என்ற மூன்று கோரிக்கைகளை எழுப்ப இயக்கங்களுக்கு என்ன தடை? விசைத்தறிக்கும் இவையே பொருந்தும், செல்போனுக்கும் பொருந்தும். மூன்று கம்பெனிகளில் எது நல்லது என்ற விவாதத்தில் நாம் கட்சி பிரிந்து நிற்கும்வரை, மூன்று கம்பெனிகளுக்கும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் வரப்போவதில்லை.